சிறுத்தை கொடுத்த பங்கு

ஒரு காட்டில் கோடையிலும் வற்றாத குட்டை ஒன்று இருந்தது. குட்டைக் கரையில் பெரிய அத்திமரம். அந்த மரத்தில் வெண்புருவன் என்ற குரங்கு வாழ்ந்துவந்தான். கரிய முகம், சாம்பல் நிற உடம்பு, கண்களுக்கு மேலே பட்டையாக வெள்ளை மயிர். அதனால்தான் அந்தப் பெயர்.

வெண்புருவனிடம் ஒரு மயிற்பீலி இருந்தது, குழந்தைகளே. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் அந்தப் பீலியால் கிளையைப் பெருக்குவான். எறும்பு எதுவும் நசுங்கிவிடக் கூடாதாம். பழத்தைக் கடிப்பதற்கு முன் பிளந்து பார்த்து, உள்ளே புழு இருந்தால் அதை இலையில் எடுத்து வைப்பான். பிறகுதான் தின்பான்.

இதையெல்லாம் அவன் கற்றுக்கொண்டது மூன்று துறவிகளிடம். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் மூவரும் அந்தக் காட்டுக் குகையில் ஒதுங்கியிருந்தார்கள். ஒருவர் கையில் மயிற்பீலி வைத்திருந்தார். நடக்கும்போது காலடியில் இருக்கும் சிற்றுயிர்களை அதனால் மெல்ல ஒதுக்கிவிடுவார். இன்னொருவர் காவித் துணி போர்த்தி, கையில் ஓடு ஏந்தியவர். மூன்றாமவருக்குச் சடைமுடி, கழுத்தில் உருத்திராக்கம். உலகத்தைப் படைத்தவர் உண்டா, இறந்த பிறகு என்ன ஆகிறோம் என்று மூவரும் விடாமல் வாதம் செய்தார்கள். எதிலும் ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு பேச்சில் மட்டும் மூவரும் ஒரே குரலில் பேசினார்கள்: எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே.

வெண்புருவன் குகை வாசலில் உட்கார்ந்து கேட்டான். முழுவதும் கேட்டான் என்று சொல்ல முடியாது. நடுநடுவே பசித்தது, பழம் தேடப் போய்விட்டான். மழை நின்றதும் துறவிகள் கிளம்பிப் போனார்கள். குகையில் கிடந்த ஒரு பீலியை எடுத்துக்கொண்டு வெண்புருவன் மரம் ஏறினான்.

காட்டில் அவனுக்கு ஒரு வேலையும் இருந்தது. அத்திமரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள புல்வெளி முழுவதும் தெரியும். புல்லுக்குள் சிறுத்தை பதுங்கி வந்தால் அவன் கண்ணுக்குத் தப்பாது. உடனே தொண்டை கிழியக் குரல் கொடுப்பான். கீழே இருக்கும் விலங்குகள் நாலா பக்கமும் ஓடித் தப்பும்.

தண்ணீர் குடிக்கும் மானால் புல்வெளியைப் பார்க்க முடியுமா? அது தலையைக் குனிந்துதானே ஆக வேண்டும்? ஆகவே மான்கள் வெண்புருவனை நம்பித் தலை குனிந்தன. அவன் குரல் வராதவரை பயமில்லை என்று அவற்றுக்குத் தெரியும்.

அந்த மான்களில் அல்லி என்ற பெண்மான் அவனுக்கு நல்ல தோழி. அவளுக்கென்று தளிர் இலைகளாகப் பார்த்து ஒடித்துப் போடுவான். அவளும் அவனை “அண்ணா” என்றுதான் அழைப்பாள்.

ஒரு நாள் மாலை, விலங்குகள் எல்லாம் அத்திமரத்தடியில் கூடியிருந்தன. வெண்புருவன் வழக்கம்போல் கிளையைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்தான்.

ஒரு முயல் கேட்டது: “ஐயா, நீங்கள் இதுவரை யாருக்குமே தீங்கு செய்ததில்லையா?”

“இல்லை” என்றான் வெண்புருவன். “கடித்ததில்லை, கீறியதில்லை, மிதித்ததில்லை. ஓர் எறும்பின் சாவுக்குக்கூட இந்தக் கைகள் காரணமாக இருந்ததில்லை.” தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

முயல் வாயைப் பிளந்தது.

அப்போது சேற்றில் படுத்திருந்த உறுமன் என்ற காட்டுப்பன்றி கனைத்தது. உறுமனுக்கு மனத்தில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் வாய்.

“ஓய், வெண்புருவா! எறும்பைப் பற்றி நீ பேசாதே. நீ பெருக்குகிற பெருக்கில் மேலே இருக்கும் எறும்பெல்லாம் எங்கே விழுகிறது தெரியுமா? என் முதுகில்! அது கடிக்கிறது. நான் மரத்தில் தேய்த்துக்கொள்கிறேன். அத்தனையும் சாகிறது. புண்ணியம் உனக்கு, பாவமும் அரிப்பும் எனக்கா?”

எல்லா விலங்குகளும் சிரித்துவிட்டன. முயல் உருண்டு உருண்டு சிரித்தது. அல்லிகூடச் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெண்புருவனும் சிரித்தான். ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு எரிந்தது. அன்று இரவு உணவு இறங்கவில்லை. ‘இந்தப் பன்றிக்கு வாய் கொழுத்துப்போயிற்று. இவன் முதுகில் ஒரு நாள் நகம் பாயட்டும், அப்போது புத்தி வரும்’ என்று நினைத்துக்கொண்டான்.

நினைத்ததோடு சரி. மறுநாளும் பீலியால் பெருக்கினான். முன்பைவிட மெதுவாக, மரத்தடியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பெருக்கினான். உறுமன் சேற்றில் நிம்மதியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வெண்புருவனுக்குப் பொறுக்கவில்லை.

சில நாட்கள் சென்றன. நல்ல வெயில். உச்சிப்பொழுது. உறுமன் அத்திமரத்தடியில் உதிர்ந்த பழங்களைத் தின்றுகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி அல்லி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா குவளையும் மற்ற மான்களும் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

புல்வெளியில் காற்று இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் புல் அசைந்தது.

வெண்புருவன் உற்றுப் பார்த்தான். சிறுத்தை! வயிறு தரையில் உரச, அது உறுமன் இருந்த பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

வெண்புருவன் வாயைத் திறந்தான். குரல் தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போது கீழே உறுமன் ஒரு பழத்தைச் சப்புக்கொட்டித் தின்றது. அந்த ஓசை அவன் காதில் விழுந்தது. அன்று எல்லாரும் சிரித்த சிரிப்பும் சேர்ந்தே கேட்டதுபோல் இருந்தது.

வெண்புருவன் வாயை மூடிக்கொண்டான்.

‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ‘கடிக்கவில்லை, கீறவில்லை. சிறுத்தை வருகிறது, அது சிறுத்தையின் பாடு. பன்றி தின்கிறது, அது பன்றியின் பாடு. நான் என் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதிலென்ன குற்றம்?’

சிறுத்தை தலையை உயர்த்தி மரத்தைப் பார்த்தது. இரண்டின் கண்களும் சந்தித்தன. இப்போது இவன் கத்தப்போகிறான், இன்றும் பட்டினிதான் என்று சிறுத்தை ஒரு கணம் அசையாமல் நின்றது. குரங்கு கத்தவில்லை. சிறுத்தைக்கு வியப்பாக இருந்தது. மறுபடியும் ஊர்ந்தது.

அந்த நேரம் பார்த்து உறுமனுக்கு வெயில் தாங்கவில்லை. பழத்தை விட்டுவிட்டு எழுந்து, சேற்றுக்குள் போய்த் தொப்பென்று விழுந்தது.

தண்ணீர் குடித்து முடித்த அல்லி மரத்தடிக்கு வந்தாள். காலையில் வெண்புருவன் அவளுக்காக ஒடித்துப் போட்டிருந்த தளிர்கள் அங்கே கிடந்தன. உறுமன் நின்ற அதே இடத்தில் நின்று அவள் தலையைக் குனிந்தாள்.

வெண்புருவன் பதறிப்போனான். ‘ஐயோ, அல்லி!’ கத்த நினைத்தான். இவ்வளவு நேரம் அடைத்து வைத்த குரல் உடனே வரவில்லை. அது வந்தபோது சிறுத்தை பாய்ந்துவிட்டது.

மான்கள் சிதறி ஓடின. உறுமன் சேற்றைத் தெறித்துக்கொண்டு எழுந்து ஓடியது. அல்லியால் மட்டும் ஓட முடியவில்லை. சிறுத்தையின் வாய் அவள் கழுத்தைப் பற்றியிருந்தது. அவள் மேலே, மரத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு சிறுத்தை அவளைப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் விலங்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.  குவளை மட்டும் மரத்தடியில் வந்து நின்று, மேலே பார்த்துக் கேட்டாள்: “வெண்புருவா, தூங்கிவிட்டாயா?”

வெண்புருவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு, “ஆமாம்... கண் அயர்ந்துவிட்டேன்” என்றான்.

“உன்னை நான் குறை சொல்லவில்லை” என்றாள் குவளை. அவள் குரல் உடைந்திருந்தது. “இந்த வெயிலில் யாருக்குத்தான் கண் சொக்காது? எத்தனை நாள் எங்களைக் காப்பாற்றியிருக்கிறாய்! நீ மனம் நோகாதே. உனக்கு அவள்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியாதா?”

முயல் தேம்பிக்கொண்டே சொன்னது: “நம் எல்லாரையும்விட அவருக்குத்தான் வேதனை. எறும்பு செத்தால்கூடத் தாங்காத மனசு.”

அவர்கள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆறுதல் சொன்னார்கள். அந்தச் சொற்களைக் காதில் வாங்க முடியாமல் வெண்புருவன் இலைகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். அழுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் விடியற்காலை. மற்ற விலங்குகள் இன்னும் வரவில்லை. மரத்தடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு வெண்புருவன் எட்டிப் பார்த்தான்.

சிறுத்தை நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் ஒரு மான்தொடை. தோலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

“என்ன இது?” என்று அலறினான் வெண்புருவன்.

“உன் பங்கு” என்றது சிறுத்தை.

“என் பங்கா? நான் இறைச்சி தின்பவன் அல்லன்! நான் யாரையும் கொல்பவனும் அல்லன்!”

“தெரியும். அதனால்தான் எனக்கே ஆச்சரியம்” என்றது சிறுத்தை. அதன் பேச்சில் கேலி இல்லை. “எத்தனையோ நாள் உன் குரலால் நான் பட்டினி கிடந்திருக்கிறேன். நேற்று என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். நீ வாயை மூடிக்கொண்டாய். நீ கத்தியிருந்தால் எனக்கு வேட்டை ஏது? பாய்ந்தது நான், வழிவிட்டது நீ. கூட வேட்டையாடியவனுக்குப் பங்கு கொடுக்காமல் தின்றால் எனக்குச் செரிக்காது.”

“நான் உன்னோடு வேட்டையாடவில்லை! நான் சும்மாதான் இருந்தேன்!”

“அந்தச் சும்மா இருந்ததற்குத்தான் இது” என்றது சிறுத்தை. “நான் புலால் தின்று பிழைப்பவன். எனக்கு வேறு வழியில்லை, அதைச் சொல்ல நான் கூசுவதும் இல்லை. நீ எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தேவையும் இல்லை. இனிமேலும் இப்படியே இரு. பங்கு தவறாமல் வரும்.”

சொல்லிவிட்டுச் சிறுத்தை போய்விட்டது.

வெண்புருவன் நிமிர்ந்து பார்த்தான். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் மான்கள் தண்ணீர் குடிக்க வந்துவிடும். இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

அவன் மரத்திலிருந்து இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தொடையைப் பிடித்து இழுத்தான். வழுக்கியது. மறுபடியும் பிடித்து இழுத்து, வேருக்கு நடுவே இருந்த பள்ளத்தில் தள்ளினான். சருகுகளை வாரிவாரிப் போட்டு மூடினான். இழுத்து வந்த தடத்தில் இரத்தம் சிந்தியிருந்தது. வேறு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. மயிற்பீலியை எடுத்து அந்தத் தடத்தைப் பெருக்கினான். பீலியின் நீலமும் பச்சையும் சிவப்பில் ஒட்டிக்கொண்டன.

பிறகு குட்டைக்கு ஓடிக் கைகளைக் கழுவினான். கழுவிக் கழுவிப் பார்த்தான். வாடை போகவே இல்லை. திரும்பி வந்து கிளையில் ஏறிக்கொண்டான்.

பொழுது நன்றாக விடிந்தது. மான்கள் வந்தன, முயல் வந்தது, உறுமன் வந்தது. உறுமனின் மூக்குக்கு எதுவும் தப்புமா? வந்ததும் வராததுமாக அது வேர்களுக்கு நடுவே முகர்ந்தது. சருகை ஒரு தள்ளு தள்ளியது.

தொடை வெளியே தெரிந்தது.

குவளை ஓர் அடி பின்வாங்கினாள். அந்தப் புள்ளிகளை அவளுக்குத் தெரியாதா? கூடவே பிறந்து, கூடவே வளர்ந்தவள்.

“இது இங்கே எப்படி வந்தது?” என்று கேட்டது முயல்.

எல்லாரும் வெண்புருவனைப் பார்த்தார்கள்.

“சிறுத்தை... சிறுத்தைதான் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கும்” என்றான் வெண்புருவன். “பிறகு வந்து தின்பதற்காக.”

அதை எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

உறுமன் மட்டும் அந்தப் பள்ளத்தைவிட்டு நகரவில்லை. தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. திட்டுவதற்கு மட்டுமே வாயைத் திறக்கும் அந்தப் பன்றி தயங்கித் தயங்கிப் பேசியது.

“வெண்புருவா, நேற்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அவள் நின்ற இடத்தில் நான்தான் நின்றிருந்தேன். வெயில் தாங்காமல் எழுந்து போனேன். நான் போகாமல் இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். நான் பிழைத்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது.”

வெண்புருவன் இலைகளுக்குள் பின்வாங்கினான்.

“இன்னொன்று. அன்று எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்தேன். அது தப்பு. எறும்பு விழுந்தால் விழட்டும். உன்னைப்போல் ஒருவன் இந்தக் காட்டில் இருப்பதே எங்களுக்குப் பெருமை. என்னை மன்னித்துவிடு.”

வெண்புருவனால் இனிமேல் தாங்க முடியவில்லை. சிறுத்தை சொன்னதைத் தாங்கினான், குவளை சொன்ன ஆறுதலைத் தாங்கினான். யாருடைய சாவை விரும்பினானோ அவனே வந்து மன்னிப்புக் கேட்கிறான். இதற்கு மேல் கிளையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி வந்து தரையில் நின்றான்.

“நான் தூங்கவில்லை” என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

“நேற்று நான் தூங்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.”

குவளை நிமிர்ந்தாள். “சிறுத்தையைப் பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

“குரல் வரவில்லையா?”

“வந்தது. நான் விடவில்லை.”

“ஏன்?”

வெண்புருவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அது உறுமனைக் குறிவைத்து வந்தது. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.”

 உறுமன் மெதுவாகக் கேட்டது: “அந்த எறும்புப் பேச்சுக்காகவா?”

“ஆமாம்.”

உறுமன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. பாய்ந்து முட்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதன் கொம்புப்பல் ஒன்றே போதும், குரங்கின் வயிற்றைக் கிழித்துவிடும். வெண்புருவன் விலகவும் இல்லை. ஒரு வேளை அவன் அதைத்தான் எதிர்பார்த்தானோ என்னவோ.

உறுமன் முட்டவில்லை. திரும்பிப் போய், வேர்களுக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஈர மண்ணை மூக்கால் தோண்டத் தொடங்கியது. ஆழமாகத் தோண்டியது. அந்தத் தொடையைக் குழியில் தள்ளி மண்ணால் மூடியது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது.

குவளை வெண்புருவன் அருகே வந்தாள். “ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்” என்றாள். “கடைசியில் அவள் உன்னைப் பார்த்தாளா?”



“பார்த்தாள்” என்றான்.

குவளை தலையை அசைத்தாள். மான்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அன்று முதல் மான்கள் அத்திமரத்தடிக்கு வரவில்லை. குட்டையின் எதிர்க்கரையில், கலங்கலும் முள்ளும் நிறைந்த பக்கத்தில் தண்ணீர் குடித்தன. ஒன்று குடிக்கும்போது மற்றவை காதை விறைத்துக்கொண்டு நின்றன. ஒரு வாய் குடிக்கும் முன் பலமுறை நிமிர்ந்து பார்த்தன. இளைத்தும் போயின.

வெண்புருவன் மயிற்பீலியைத் தூக்கி எறிந்தான். பழம் கனிந்து தொங்கியது, அவனுக்குத் தின்னப் பிடிக்கவில்லை. நாள் முழுதும் உச்சிக்கிளையில் உட்கார்ந்து புல்வெளியையே பார்த்தான். ஓணான் ஓடினாலும் கத்தினான், காற்றடித்தாலும் கத்தினான். மான்கள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒரு முறை முயல் அந்த வழியாகப் போயிற்று. அவனைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேகமாகத் தாண்டிப் போயிற்று. முன்பெல்லாம் “ஐயா” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவரும் முயல்.

ஒரு நாள் காலை, எதிர்க்கரை நாணலில் ஓர் அசைவு தெரிந்தது. வெண்புருவன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். சந்தேகமே இல்லை, சிறுத்தைதான். நாணலுக்கு அந்தப் பக்கம் குவளை தண்ணீரில் வாய் வைத்திருந்தாள்.

வெண்புருவன் தன் முழுப் பலத்தோடும் கத்தினான்.

மான்கள் நிமிர்ந்தன. குவளை அவனைப் பார்த்தாள். ஓடவில்லை. ஓணானுக்கும் காற்றுக்கும் கத்துகிறவன் இவன். உண்மையில் ஆபத்து வந்தபோது கத்தாதவன். இவனை எப்படி நம்புவது?

சிறுத்தை இன்னும் நெருங்கியது.

வெண்புருவன் மரத்திலிருந்து குதித்தான். குரங்குக்குத் தரை ஆபத்தான இடம், குழந்தைகளே. மரத்தில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அது தெரிந்தும் அவன் குட்டைக் கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினான். முள் குத்தியது, சேறு வழுக்கியது. கத்திக்கொண்டே ஓடி, நாணலுக்குள் நேராகப் புகுந்து சிறுத்தையின் முகத்துக்கு எதிரே போய் நின்றான்.

“விலகு!” என்று சீறியது சிறுத்தை. “உனக்குப் பங்கு கொடுத்தேனே, மறந்துவிட்டாயா?”

“மறக்கவில்லை. அதனால்தான் வந்தேன்” என்று கத்தினான் வெண்புருவன்.

நாணலுக்குள்ளிருந்து சிறுத்தையின் சீற்றம் கேட்டதும் மான்கள் பறந்தன. குவளையும் பாய்ந்தோடிவிட்டாள். சிறுத்தை கோபத்தில் ஓர் அறை விட்டது. நகங்கள் வெண்புருவனின் தோளைக் கிழித்தன. அவன் உருண்டு, எழுந்து, பக்கத்தில் நின்ற வேலமரத்தில் எப்படியோ தாவி ஏறிவிட்டான். சிறுத்தை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. வேல முள்ளில் கால் வைக்க மனமில்லாமல், பசித்த வயிற்றோடு வேறு பக்கம் போனது.

வெயில் ஏறிய பிறகு குவளை திரும்பி வந்தாள். வேலமரத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே நின்றாள்.

“இரத்தம் வருகிறது” என்றாள்.

“வரட்டும்” என்றான் வெண்புருவன்.

“உன்னை நான் மன்னிக்கவில்லை.”

“நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கத்தவில்லை.”

குவளை அத்திமரம் நின்ற கரையைப் பார்த்தாள். பிறகு, “அந்தக் கரைக்கு நாங்கள் இனி வரமாட்டோம். அவள் விழுந்த இடத்தில் எங்களால் நிற்க முடியாது. நாளைக்கும் இங்கேதான் தண்ணீர் குடிப்போம்” என்றாள்.

“அப்படியானால் நான் இந்த மரத்திலேயே இருந்துவிடுகிறேன்” என்றான் வெண்புருவன்.

அது பழம் பழுக்காத மரம். நிழலும் இல்லை, உட்கார நல்ல கிளையும் இல்லை. எங்கே சாய்ந்தாலும் முள். இரை தேட அவன் நெடுந்தூரம் போக வேண்டும். மான்கள் வருவதற்குள் திரும்பி வர வேண்டும். அப்படியே போனான், அப்படியே திரும்பி வந்தான்.

மறுநாள் மான்கள் வந்தன. மற்ற மான்கள் தயங்கி நின்றன. குவளை முன்னே வந்தாள். மரத்தின் மேலே ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, நீண்ட நேரம் நிமிராமல் தண்ணீர் குடித்தாள்.

வெண்புருவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவன் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நீதி: கையால் கொல்லாதிருப்பது மட்டும் கொல்லாமை ஆகாது, காக்க முடிந்தபோது வாய்மூடி இருந்தவனுக்கும் அந்தக் கொலையில் பங்கு உண்டு.